மணலில் பின்சக்கர வண்டி: ஏற்றியதும் இறக்கியதும்



ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாயிலில் நிற்கும்போது, எங்கள் பழைய பிக்கப்பைப் பார்த்துவிட்டுச் சகோதரர்கள் சிலர் அடிக்கடி ஒரு கேள்வி கேட்கிறார்கள். "இது டூ வீல் வண்டிதானே, மணலில் போகுமா?" என்பது அது. போகும். ஆனால் அது போவதற்கு நாங்கள் கொடுத்த விலையில் பாதி வீணான செலவு; மீதி ஒரு மாலை நேரத்து வெட்கம். இரண்டையும் எழுதி வைத்தால் பிறருக்குப் பயன்படும் என்று தோன்றியது.

முதலில் ஒரு விளக்கம். டூ வீல் டிரைவ் என்பது மோட்டார் சைக்கிள் அன்று. நான்கு சக்கரங்கள் இருந்தும், அவற்றுள் இரண்டை மட்டுமே எஞ்சின் சுழற்றும் வண்டி. எங்களுடையது பின்சக்கரங்கள் மட்டும் இயங்கும் பிக்கப். முன்சக்கரங்கள் திரும்புவதற்கு மட்டுமே உதவும். மணலில் அவை ஏர்க்கொழுவைப் போல் மணலைத் தள்ளிக்கொண்டு செல்லும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியை வாங்கும் வசதி எங்களுக்கு அப்போது இல்லை. ஷார்ஜாவில் ஓர் அறையில் தங்கியிருந்த நால்வர், சீட்டுப் பணம் எடுத்து வாங்கிய வண்டி அது.

வண்டி வாங்கியது பொழுதுபோக்குக்காக அன்று. மலீஹாவுக்கு அப்பால், தார்ச்சாலையிலிருந்து ஏறத்தாழ நான்கு கிலோமீட்டர் மணலுக்குள் இருக்கும் ஓர் ஒட்டகப் பண்ணையில் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் வேலை செய்துவந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வெள்ளிக்கிழமையில் அவரைப் பார்க்கப் போவோம். அரிசி, மீன் கருவாடு, தலைவலி மாத்திரை, குடிநீர்க் கேன்கள் என்று எதையாவது கொண்டுபோவோம். காயல்பட்டினத்துப் பக்கம் பிறந்த எங்களுக்குச் செம்மணல் புதிதன்று. ஊருக்கு அருகிலுள்ள தேரிக்காட்டு மணலும் அங்குள்ள குன்றுகளும் ஒரே நிறம். இரண்டையும் சிவக்க வைத்தது இரும்பின் துரு. ஆனால் தேரியில் நாங்கள் நடந்திருக்கிறோமே ஒழிய, வண்டி ஓட்டியதில்லை.

முதல் இரண்டு முறை, தார்ச்சாலை ஓரத்தில் வண்டியை நிறுத்திவிட்டுச் சாமான்களைத் தோளில் சுமந்து நடந்தோம். மூன்றாம் முறை, "வண்டியைத் தயார் செய்துவிடலாம்" என்று முடிவெடுத்தோம். சனாயியாவில் ஒரு கராஜுக்குப் போனோம். அங்கிருந்த வயதான மெக்கானிக், "மணலுக்கு என்றால் செலவு குறைவாகத்தான் வரும்" என்றார். நாங்கள் அதைக் காதில் வாங்கவில்லை. எங்களுக்குத் தேவைப்பட்டது மணலுக்கேற்ற வண்டியா, மணல் வண்டியைப் போன்ற தோற்றமா என்பதை நாங்கள் எங்களையே கேட்டுக்கொள்ளவில்லை.

நாங்கள் செய்த மாற்றங்கள் இவை. 20 அங்குல அலாய் சக்கரம் போட்டோம். சேற்றுக்கென்று செய்யப்பட்ட, ஆழமான பட்டன் கொண்ட டயர்களை மாட்டினோம். வண்டியை உயர்த்தினோம். கனமான இரும்பு பம்பரும், கூரையின்மேல் விளக்கு வரிசையும் பொருத்தினோம். மொத்தம் 4,200 திர்ஹம். வண்டி பார்ப்பதற்குப் பாலைவனத்தை விழுங்கிவிடும் போலிருந்தது.

அந்தப் பிப்ரவரி மாத வெள்ளிக்கிழமை காலையில் தம்பி தொலைபேசியில் அழைத்தார். கடைவாய்ப்பல் வலி; மூன்று இரவுகள் தூக்கமில்லை; கன்னம் வீங்கிவிட்டது. பண்ணையின் வண்டி ஒட்டகங்களோடு பந்தயத்துக்காக அல் ஐன் பக்கம் போயிருந்தது. இரண்டு நாளைக்குத் திரும்பாது. "நீங்கள் வந்தால் தைத் மருத்துவமனைக்குப் போய்விடலாம் காக்கா" என்றார். "இன்ஷா அல்லாஹ், அஸருக்குள் உன் வாசலில் நிற்போம்" என்று சொன்னோம். அந்த இன்ஷா அல்லாஹ்வை எவ்வளவு இலேசாகச் சொன்னோம் என்பது இன்றும் உறுத்துகிறது.

ஜும்ஆ முடிந்து கிளம்பினோம். வழக்கமான சாமான்களோடு, வண்டிதான் பலமாகிவிட்டதே என்று 20 லிட்டர் தண்ணீர்க் கேன்கள் பத்தையும் ஏற்றினோம். தண்ணீர் மட்டுமே 200 கிலோ. அரிசியும் நாங்கள் நால்வரும் வேறு. மண்வெட்டி எடுத்துச் செல்லவில்லை. துணைக்கு இன்னொரு வண்டியும் இல்லை.

முதல் இரண்டு கிலோமீட்டர் இறுகிய தரை, சிக்கலில்லை. பிறகு ஒரு மேடு. பிற்பகல் வெயிலில் ஈரம் உலர்ந்து மணல் சர்க்கரையைப் போல் உதிர்ந்திருந்தது. பாதி ஏறியதும் வேகம் குறைந்தது. ஓட்டியவர் ஆக்சிலேட்டரை அழுத்தினார். வலப்பக்கப் பின்சக்கரம் மட்டும் சீறிச் சுழன்றது. மணல் பின்னால் பீய்ச்சியடித்தது. பத்து விநாடிகளில் ஆக்சில் மணலில் உட்கார்ந்துவிட்டது.

அப்போது புரியாததும் பிறகு தெரிந்துகொண்டதும் இதுதான். சாதாரண டிஃபரன்ஷியல் இரு பின்சக்கரங்களுக்கும் ஒரே அளவு இழுவிசையைத்தான் தரும். ஒரு சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லாமல் போனால், அதைச் சுழற்ற மிகக் குறைந்த விசையே போதும். மறு சக்கரத்துக்கும் அந்த அற்ப விசையே கிடைக்கும். ஆகவே ஒன்று வீணாகச் சுழல, மற்றது அசையாமல் நிற்கும். எஞ்சின் எவ்வளவு பெரிதானாலும் பயனில்லை. பெரிய எஞ்சின் பள்ளத்தை விரைவாகத் தோண்டும்; அவ்வளவே. ஆழமான பட்டன் டயரும் அதே வேலையைத்தான் செய்தது. சேற்றில் அது தோண்டிக் கீழேயுள்ள கெட்டித் தரையைப் பிடிக்கும். குன்று மணலில் கீழேயும் மணல்தான்.

கையால் மணலை அள்ளினோம். அள்ள அள்ளச் சரிந்தது. அரை மணி நேரம் கழித்து, மேட்டின் உச்சியில் ஓர் உருவம் தெரிந்தது. தலையைச் சுற்றிக் கன்னத்தோடு துணி கட்டியிருந்தது. ஒரு தோளில் மண்வெட்டி; மறு கையில் இரண்டு பலகைகள். எஞ்சின் சத்தம் வந்து நின்றுபோனதைக் கேட்டு, என்ன நடந்திருக்கும் என்று ஊகித்துக்கொண்டு, ஒன்றரைக் கிலோமீட்டர் மணலில் நடந்து வந்திருந்தார் அந்தத் தம்பி. நாங்கள் காப்பாற்றப் போனவர், எங்களைத் தோண்டி எடுக்க வந்து நின்றார்.

அவருக்கு வாயைத் திறந்து பேசவே இயலவில்லை. பல்லைக் கடித்தபடி மூன்று சொற்றொடர்கள் சொன்னார். "காக்கா, முதல்ல நீங்க இறங்குங்க. சாமானை இறக்குங்க. பிறகு காத்தை இறக்குங்க."

தண்ணீர்க் கேன்களை ஒவ்வொன்றாக இறக்கினோம். அவருக்கென்று நாங்கள் பெருமையாகக் கொண்டுவந்த சுமையே எங்களை ஆழ்த்தியிருந்தது. அவர் ஓர் ஆணியால் டயர் வால்வை அழுத்தி, சாலைக்கென்று 35 பி.எஸ்.ஐ. இருந்த காற்றைக் கண்மதிப்பாக 12 அளவுக்குக் குறைத்தார். டயர் தரையில் நீளமாகப் படிந்தால்தான் எடை பரவும். காற்றழுத்தம் பாதிக்கும் கீழே போனால் மணலைத் தொடும் பரப்பு வெகுவாகக் கூடும். ஆனால் எங்கள் 20 அங்குலச் சக்கரத்தில் டயரின் பக்கச்சுவர் மெல்லிய விளிம்பாக இருந்தது. படிவதற்கு அதில் இடமில்லை. "இது கல்யாண வீட்டுச் செருப்பு காக்கா" என்று முனகினார். வலியிலும் அவருக்கு அந்தக் கேலி வந்தது.

சக்கரங்களுக்குப் பின்னால் மணலைச் சரிவாக வெட்டி, பலகைகளைச் செருகி, வந்த தடத்திலேயே பின்னோக்கி இறக்கினோம். முன்னோக்கி ஏற முயல வேண்டாம் என்பது அவருடைய கண்டிப்பு. மூன்றாவது முயற்சியில் வண்டி விடுபட்டது. அஸர் நேரம் முடிய அதிகம் இல்லை. எங்களிடம் 200 லிட்டர் தண்ணீர் இருந்தது; தயம்மும் தேவைப்படவில்லை. ஒரு கேனைத் திறந்து சிறிதளவில் உளூ செய்து, அந்தச் சரிவின் அடியிலேயே தொழுதோம். ஸஜ்தாவில் நெற்றியில் ஒட்டிய மணலை வழியெல்லாம் துடைத்துக்கொண்டே இருந்தோம். தம்பியைத் தைத்துக்குக் கொண்டு சேர்த்தபோது மஃரிப் தாண்டிவிட்டது. சீழ் கோத்திருந்தது. மருத்துவர் அதைக் கீறி வெளியேற்றிவிட்டு, "இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் கழுத்துக்கு இறங்கியிருக்கும்" என்றார்.

அன்று இரவு அறையில் எவரும் அதிகம் பேசவில்லை. மறுவாரம் அதே மெக்கானிக்கிடம் போனோம். அவர் எங்களைக் குத்திக்காட்டவில்லை. ஏற்றியவற்றை இறக்கத் தொடங்கினார்.

இனி, எங்களுக்குப் பயன்பட்ட மாற்றங்களைச் சொல்கிறோம். முதலாவது, எடைக் குறைப்பு. இரும்பு பம்பர், கூரை விளக்குகள், பக்கப்படிகள் எல்லாவற்றையும் கழற்றினோம். நான்கு சக்கர வண்டிக்குரிய டிரான்ஸ்ஃபர் கேஸும் முன் டிஃபரன்ஷியலும் இல்லாததால் பின்சக்கர வண்டி இயல்பாகவே இலேசானது. அதற்கு அல்லாஹ் கொடுத்த ஒரே அனுகூலம் அதுதான். அதை நாங்களே கெடுத்திருந்தோம். பக்கப்படி போனதால், மேட்டு முகட்டில் வண்டியின் வயிறு தட்டுவதும் குறைந்தது.

இரண்டாவது, சக்கரம். 16 அங்குலத்துக்குத் திரும்பினோம். உயரமான பக்கச்சுவரும், ஆழமில்லாத பட்டனும் உள்ள டயர்களைப் போட்டோம். மணலில் இறங்குமுன் நான்கிலும் 14 பி.எஸ்.ஐ. வைக்கிறோம், மிக மென்மையான இடத்தில் 12. அதற்கும் கீழே போனால், திருப்பத்தில் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடலாம். திரும்பும்போது தார்ச்சாலை ஓரத்திலேயே நிறுத்தி, சிறு கம்ப்ரஸரால் பழையபடி காற்றை நிரப்பிவிட வேண்டும். காற்றுக் குறைந்த டயரோடு சாலையில் வேகமாகப் போனால் அது சூடேறி வெடிக்கும். மணலில் உயிர் காத்த அதே காரியம் சாலையில் உயிரை வாங்கும்.

மூன்றாவது, டிஃபரன்ஷியல். இரு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலச் செய்யும் லாக்கரைப் பழைய உதிரிபாகச் சந்தையில் தேடி வாங்கிப் பொருத்தினோம். பணம் செலவழிக்கத் தகுந்த ஒரே பெரிய மாற்றம் இதுவே என்பது எங்கள் அனுபவம். ஆயினும் லாக்கர் பூட்டியிருக்கும்போது வண்டி எளிதில் திரும்பாது. நேராக ஏறுவதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறோம்.

நான்காவது, உயரம். உயர்த்திய வண்டியை ஏறத்தாழப் பழைய அளவுக்கே இறக்கினோம். உயரம் கூடினால் பாரத்தின் மையமும் மேலே போகிறது. மேட்டின் பக்கவாட்டில் சாய்ந்து செல்லும்போது புரளும் ஆபத்து கூடுகிறது. இதுபோன்ற மாற்றங்களைச் செய்யுமுன், வண்டிப் பதிவு நிலையத்தில் எதற்கு அனுமதி உண்டு என்று கேட்டுக்கொள்வது நல்லது. நாங்கள் கேட்காமல் செய்து, பிறகு அவிழ்த்தோம்.

ஐந்தாவது, இழுவைக் கொக்கி. முன்னும் பின்னும் சேஸிஸோடு உறுதியாகப் பிணைந்த கொக்கி வேண்டும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைக் கட்டி ஒருபோதும் இழுக்கக்கூடாது. அது முறிந்தால் துப்பாக்கிக் குண்டைப் போல் பாயும்.

இவற்றோடு மண்வெட்டி, இரண்டு மணல் பலகைகள், காற்று அளக்கும் கருவி, மேட்டுக்கு அப்பால் வருபவருக்குத் தெரியும்படி நீண்ட கம்பியில் ஒரு கொடி. காற்று வடிகட்டியை ஒவ்வொரு பயணத்துக்குப் பின்னும் தட்டித் தூய்மைப்படுத்துகிறோம்.

இவை எவையும் புதியவை அல்ல என்பதைப் பின்னால் படித்தபோது அறிந்தோம். ரால்ஃப் பக்னால்ட் என்ற பிரிட்டிஷ் இராணுவ அதிகாரி, 1920களின் பிற்பகுதியிலிருந்து எகிப்து, லிபியப் பாலைவனங்களில் ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ கார்களில் அலைந்தார். அவை பின்சக்கர இயக்க வண்டிகளே. டயர்களில் காற்றைக் குறைத்தார். சக்கரத்தின் கீழ் இரும்புத் தகடுகளை இட்டு மீட்டார். ரேடியேட்டரில் ஆவியாகும் நீரைக் குளிர்வித்துத் திரும்பப் பெறும் கலனையும் பொருத்தினார். 1940ஆம் ஆண்டு அவர் அமைத்த பாலைவனப் படைப்பிரிவு, கதவும் கூரையும் கழற்றப்பட்ட செவர்லே லாரிகளில் பெருமணற்கடலைக் கடந்தது. அவையும் பின்சக்கர இயக்கமே. காற்று மணலை எப்படி நகர்த்துகிறது என்பதைப் பற்றி அவர் 1941இல் வெளியிட்ட நூல் இன்றும் அத்துறையின் அடிப்படை நூலாக மதிக்கப்படுகிறது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் புரூஸ் மேயர்ஸ் 1964இல் செய்த டியூன் பக்கியும் இதே பாடந்தான். ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் பாகங்களின்மேல் ஃபைபர் கண்ணாடி உடலைப் பொருத்தினார். எஞ்சின் பின்னால் இருப்பதால், சுழலும் சக்கரங்களின்மேல் எடை தானாகவே அமர்ந்தது. மொத்த வண்டியோ மிக இலேசு. 1967இல் மெக்சிகோவின் பாஹா தீபகற்பத்தை அது 35 மணி நேரத்துக்குள் கடந்து, அதுவரை மோட்டார் சைக்கிள் வைத்திருந்த சாதனையை முறியடித்தது. இவர்களுக்கெல்லாம் முன்பே, அகன்று விரியும் பாதத்தோடு ஒட்டகம் அதே மணலில் நடந்துகொண்டிருந்தது. தினமும் அதைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பிக்குத் தெரிந்தது, 4,200 திர்ஹம் செலவழித்த எங்களுக்குத் தெரியவில்லை.

ஓட்டுவது பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். மணற்குன்றில் காற்று வரும் பக்கம் சாய்வு குறைந்தும் சற்று இறுகியும் இருக்கும். மறுபக்கம் மணல் சரிந்து நிற்கும் செங்குத்து. அதன் சாய்வு ஏறத்தாழ 32 முதல் 34 பாகை. முகட்டை நெருங்கும்போது ஆக்சிலேட்டரைத் தளர்த்த வேண்டும். அப்பால் என்ன இருக்கிறதென்று தெரியாமல் பாயக்கூடாது. ஏற முடியாவிட்டால் வண்டியைக் குறுக்கே திருப்பாமல், நேராகப் பின்னோக்கி இறங்க வேண்டும். குறுக்கே திருப்பினால் புரளும். பிரேக்கை அழுத்தி நிறுத்தினால் சக்கரத்தின்முன் மணல் குவியும். தானாக உருண்டு நிற்கவிட்டு, இறக்கத்தை நோக்கி நிறுத்துவது நல்லது. சக்கரம் வீணாகச் சுழலத் தொடங்கிய நொடியே காலை எடுத்துவிட வேண்டும். இது கைவருவதற்கு எங்களுக்கு ஓராண்டு ஆனது. சிக்கிக்கொண்டவன் இன்னும் பலமாக முயலவே விரும்புகிறான். நின்று, இறங்கி, பார்ப்பதற்கு அவன் மனம் இடங்கொடுப்பதில்லை.

துணை வண்டி இல்லாமல் இப்போது நாங்கள் மணலில் இறங்குவதில்லை. ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைக்கலாமா என்று கேட்ட மனிதருக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த பதிலை நாம் எல்லோரும் அறிவோம். பயானில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். மண்வெட்டியும் துணை வண்டியும் இல்லாமல் "இன்ஷா அல்லாஹ்" என்று ஒரு நோயாளிக்கு வாக்களித்த அன்று, அந்தப் பதில் எங்களில் ஒருவருக்கும் நினைவில் இல்லை. காத்திருப்பவரின் உடல்நலமும் வண்டியில் அமர்ந்திருப்பவரின் உயிரும் ஓட்டுபவரிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதங்கள். விளக்கு வரிசைக்குக் கொடுத்த பணம் இஸ்ராஃப் என்று மட்டுமே முன்பு நினைத்திருந்தோம். அந்தப் பணத்தில் நான்கில் ஒரு பங்குக்கு மண்வெட்டி, பலகை, கம்ப்ரஸர் எல்லாம் வந்திருக்கும் என்று கணக்கிட்டபோது, அது விரயம் மட்டுமன்று, ஒருவரின் வலியை மூன்று மணி நேரம் நீட்டித்த குற்றம் என்பதும் தெரிந்தது.

அடுத்த வாரம் தம்பியின் பல்லைப் பிடுங்கினார்கள். அதன்பின் ஒன்றரை ஆண்டு அவர் அதே பண்ணையில் இருந்தார். மழையோ வெயிலோ, எங்கள் வண்டி அவர் வாசலை அடையாமல் திரும்பியதில்லை, அல்ஹம்துலில்லாஹ். தண்ணீர்க் கேன் நான்குக்குமேல் ஏற்றுவதில்லை. தேவையென்றால் இரண்டு முறை போய்வருவோம். இப்போது அவர் ஊரோடு இருக்கிறார். அந்த இரண்டு பலகைகளையும் எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார். ஒன்று நடுவில் விரிந்துவிட்டது. மற்றது இன்னும் வண்டியில்தான் இருக்கிறது.

பாலைவனத்தின் உட்பகுதிகளில் தனியே வேலை செய்யும் சகோதரர்களுக்காக துஆ செய்யுங்கள். அவர்களைப் பார்க்கப் போவதாயிருந்தால், கிளம்புமுன் டயரில் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பாருங்கள்.

வஸ்ஸலாம்.